பிளொப்பியில் கிடந்த டூம் ஒலிகளை வேவ் கோப்புகளாக மாற்றுவது எப்படி?

அலஸ்தோட்டத்தான்

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை அலஸ்தோட்டத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை வெளியே எடுத்தபோது, அலுமாரியின் மேலிருந்த பிஸ்கட் தகரத்துக்குள் பதினான்கு பிளொப்பிகளும் ஓர் இறுவட்டும் அகப்பட்டன. 1998 ஆம் ஆண்டில் நானும் பெரியம்மாவின் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து, டூம் என்ற கணினி விளையாட்டில் வரும் பேய்களின் அலறல்களை எடுத்துவிட்டு எங்கள் குரல்களைப் பொருத்தி விளையாடினோம். அந்தக் கோப்புகள்தான் இவை. நெருப்புப் பந்து வீசும் பேய் செத்து விழும்போது, "ஐயோ அம்மா, முதுகு போச்சு" என்று சின்னண்ணா கத்துவார். இவ்வருடம் பெரியம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வரவிருப்பதால், அன்றைய தினம் இந்த ஒலிகளைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

யூஎஸ்பி பிளொப்பி இயக்கி ஒன்றை இரவல் வாங்கி இரண்டு பிளொப்பிகளை மட்டும் திறந்து பார்த்தேன். ஒன்றில் வொக் என்ற பின்னொட்டுடன் இருபதுக்கு மேற்பட்ட கோப்புகளும், மற்றையதில் வாட் கோப்பு ஒன்றும் மஸ் என்ற பின்னொட்டுடன் மூன்று சிறிய கோப்புகளும் இருக்கின்றன. வொக் கோப்பின் பெயரை வேவ் என்று மாற்றிப் பார்த்தேன். ஒலியை இயக்கும் எந்த மென்பொருளும் அதை ஏற்கவில்லை. இணையத்தில் கோப்பு மாற்றித் தரும் தளம் ஒன்றில் ஏற்றியபோது, அறியாத வகை என்று பதில் வந்தது. பிறகு ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மூலத் தரவாக இறக்குமதி செய்து பார்த்தேன். முதற்கோப்பு தகரத்தை ஆணியால் கீறுவது போன்ற பேரிரைச்சலாக இருந்தது. இரண்டாவதில் ஏதோ பேச்சு வந்தது. ஆனால் அணில் கத்துவதுபோல் அவ்வளவு வேகமாகவும், தொடக்கத்திலும் இடையிடையேயும் டக், டக் என்ற ஒலியுடனும் வந்தது.

கோப்புகள் பழுதாகிவிட்டனவா, அல்லது நான் திறக்கும் முறை பிழையா? எந்த வடிவத்தில் மாற்றி வைத்தால் இன்னும் இருபது வருடம் கழித்தும் கேட்க முடியும்?


உவர்மலைக்காரன்

தம்பி, உங்கள் கோப்புகள் பழுதாகவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மாற்றும் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் பிளொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நமது ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் அவற்றை என்ன செய்யும் என்பதை நான் நாற்பது வருடமாக வானொலிகளும் தொலைக்காட்சிகளும் திருத்திக் கண்டவன். ஒவ்வொரு பிளொப்பியின் உலோக மூடியையும் மெல்லத் தள்ளி, உள்ளிருக்கும் கரிய தட்டை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ மண்ணிறமாகவோ பூஞ்சணம் படர்ந்திருந்தால் அதை இயக்கிக்குள் நுழைக்க வேண்டாம். அந்தப் பூஞ்சணம் வாசிப்புத் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்து நுழையும் நல்ல பிளொப்பியையும் கீறிவிடும். நல்லவற்றில் மூலையில் இருக்கும் சிறிய தாழ்ப்பாளை நகர்த்தித் துவாரத்தைத் திறந்துவிட்டால், தவறுதலாகவேனும் எதுவும் எழுதப்படாது.

அதன் பிறகு கோப்பு கோப்பாகப் பிரதி எடுக்காமல், தட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுங்கள். ஒரு பிளொப்பியில் இருப்பது 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட்டு, ஆகமொத்தம் 14,74,560 பைட்டு. லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி முதலில் நல்ல இடங்களையெல்லாம் வாசித்து வைத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் பிரிவுகளுக்குப் பிறகு திரும்பி வரும். சாகக் கிடக்கும் தட்டுக்கு அதுவே பொருத்தமான வைத்தியம்.

இனி வொக் கோப்புக்கு வருவோம். பின்னொட்டை மாற்றுவது வீட்டு வாசலில் பெயர்ப்பலகையை மாற்றுவது போன்றது. உள்ளே குடியிருப்பவர் மாறமாட்டார். வொக் என்பது சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை 1989 இல் வெளியிட்ட கிரியேட்டிவ் நிறுவனத்தின் வடிவம். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் பதினாறடிமானத் தொகுப்பி ஒன்றில் அந்தக் கோப்பைத் திறந்தால், முதல் 19 பைட்டுகளில் 'கிரியேட்டிவ் வொய்ஸ் ஃபைல்' என்ற ஆங்கிலச் சொற்களைக் கண்ணாலேயே வாசிக்கலாம். அதை அடுத்து வரும் பைட்டின் மதிப்பு 26. டொஸ் இயங்குதளத்தில் அது கோப்பு முடிந்துவிட்டது என்பதற்கான குறி. ஆகவே யாராவது டைப் கட்டளையால் அந்தக் கோப்பைத் திரையில் காட்டச் சொன்னால், அந்தப் பெயர் மட்டும் தோன்றி நின்றுவிடும், குப்பை எழுத்துகள் கொட்டாது. அக்காலத்தவர்கள் இப்படிச் சின்ன விடயங்களிலும் கவனமாக இருந்தார்கள்.

தலைப்பகுதி மொத்தம் 26 பைட்டு. அதன் பிறகு ஒலி, தொகுதி தொகுதியாக வருகிறது. ஒவ்வொரு தொகுதியின் முன்னும் அதன் வகையைச் சொல்லும் ஒரு பைட்டும், நீளத்தைச் சொல்லும் மூன்று பைட்டுகளும் உண்டு. ஒலித்தொகுதியாயின் வேகத்துக்கு ஒன்றும், சுருக்கும் முறைக்கு ஒன்றும் என மேலும் இரண்டு பைட்டுகள் சேரும். நீங்கள் மூலத் தரவாகத் திறந்தபோது, ஓடாசிட்டி இந்தத் தலைப்பகுதியையும் தொகுதிக் குறிகளையும் ஒலி என்று நம்பி வாசித்துவிட்டது. தொடக்கத்திலும் இடையிடையேயும் கேட்ட டக் ஒலி அதுதான்.

அணில் குரலுக்கு வேறு காரணம். ஒலியைச் செக்கனுக்கு எத்தனை தடவை அளந்து பதிந்தார்கள் என்பதே மாதிரி வீதம். வொக் கோப்பில் அது நேரடியாக எழுதப்படுவதில்லை. 256 இலிருந்து அந்த வேகப் பைட்டைக் கழித்து, வரும் எண்ணால் பத்து இலட்சத்தை வகுக்க வேண்டும். பைட்டின் மதிப்பு 131 என்றால் 125 ஆல் வகுத்து 8,000 ஹேர்ட்ஸ்; 165 என்றால் 91 ஆல் வகுத்து 10,989 ஹேர்ட்ஸ். ஓடாசிட்டியில் வீதத்தை 44,100 என்று விட்டிருப்பீர்கள். 8,000 இல் பதிந்த குரல் ஐந்தரை மடங்கு வேகத்தில் ஓடினால் அணிலாகத்தான் வரும்.

பேரிரைச்சலுக்குக் காரணம் எண்ணின் கூட்டல், கழித்தல் குறி. இந்த 8 பிட் ஒலியில் மதிப்புகள் 0 முதல் 255 வரை செல்லும். அமைதி என்பது நடுவிலுள்ள 128. அதைக் குறியுடைய எண்ணாக வாசிக்கச் சொன்னால் 128 என்பது கழித்தல் 128 ஆகிவிடும், 127 மட்டும் 127 ஆகவே நிற்கும். அமைதியைச் சுற்றி மெல்ல ஊசலாட வேண்டிய ஒலி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவித்தாவி அடிக்கும். மெல்லிய இடங்கள்தான் அதிகம் இரையும் என்பதைக் கவனித்தீர்களாயின், நோய் இதுவே.

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக், சொக்ஸ் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களும் வொக் வடிவத்தை அறிந்தவை. உள்ளே போக வேண்டிய கோப்பின் பெயரையும், வெளியே வர வேண்டிய வேவ் கோப்பின் பெயரையும் மட்டும் கொடுங்கள். வீதம், குறி என்று எதையும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். விளையாட்டிலிருந்து எடுத்த மற்ற ஒலிகளென்றால் 11,025 என்று வைத்துத் திறந்தால் போதும்.


கிண்ணியா நானா

உவர்மலை ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் திருத்த வேண்டியிருக்கிறது. 11,025 என்பது அக்கால விளையாட்டுகளில் மிகப் பரவலாக இருந்தது உண்மைதான். ஆனால் அதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992 இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் விளையாட்டில் பதிந்த ஒலிகள் 7,000 ஹேர்ட்ஸை ஒட்டிய வீதத்தில் இருக்கின்றன. டூமின் இரண்டாம் பாகத்திலேயே 22,050 இல் உள்ள ஒலியும் உண்டு. ஊகித்துத் திறப்பதை விட, கோப்பே சொல்வதைக் கேட்பது நல்லது.

சகோதரரே, உங்கள் வாட் கோப்பைப் பற்றி. அது ஒலிக்கோப்பு அன்று. பல பொருள்களை ஒன்றாகக் கட்டிய சாக்கு. அதன் முதல் நான்கு எழுத்துகள் பி, டபிள்யூ, ஏ, டி என்று இருந்தால், மூல விளையாட்டின் மேல் ஒட்டுவதற்காக வீட்டில் செய்த கோப்பு என்று பொருள். அதன் பின் எத்தனை பொருள்கள் உள்ளன என்பதற்கு நான்கு பைட்டும், பெயர்ப்பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு நான்கு பைட்டும். பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் 16 பைட்டு: இருக்கும் இடம், அளவு, எட்டு எழுத்துக்கு மேற்படாத பெயர். டி, எஸ் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் பெயர்களே உங்களுக்கு வேண்டிய ஒலிகள். டி, பி என்று தொடங்குபவை கணினிப் பெட்டிக்குள் இருந்த சிறிய ஒலிபெருக்கிக்கான கீச்சுகள். அவற்றில் எவருடைய குரலும் இராது.

ஒவ்வொரு ஒலியின் முன்னும் எட்டு பைட்டுத் தலைப்பு உண்டு. முதல் இரண்டு பைட்டுகளில் 3 என்ற எண் இருக்கும், அடுத்த இரண்டில் மாதிரி வீதம், அடுத்த நான்கில் மாதிரிகளின் எண்ணிக்கை. பிறகு 16 பைட்டு வெறும் நிரப்பி, ஒலி, இறுதியில் மறுபடி 16 பைட்டு நிரப்பி. ஒலி, வொக்கில் உள்ளதைப் போலவே குறியில்லாத 8 பிட், ஒற்றைத் தடம்.

ஸ்லேட் என்ற இலவசத் தொகுப்பியில் வாட் கோப்பைத் திறந்தால் பெயர்கள் வரிசையாகத் தெரியும். ஒலிகளைத் தெரிவு செய்து வேவாக மாற்றி வெளியே எடுத்துவிடலாம். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவரானால் பைதானில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் நீங்களே செய்யலாம், ஏனெனில் வேவ் எழுதுவதற்கான தொகுதி பைதானோடு கூடவே வருகிறது. தடம் ஒன்று, மாதிரிக்கு ஒரு பைட்டு, வீதம் தலைப்பில் கண்டது என்று சொல்லி, நிரப்பிகளை வெட்டிவிட்டு மிகுதியை அப்படியே எழுதினால் போதும். 8 பிட் வேவும் குறியில்லாததே என்பதால் எந்த மதிப்பையும் மாற்ற வேண்டியதில்லை. அமிகா கணினியிலிருந்து வந்த ஒலிகளானால் நிலைமை வேறு. அவை குறியுடைய 8 பிட். அங்கே ஒவ்வொரு பைட்டிலும் 128 ஐக் கூட்டாமல் வேவ் ஆக்கினால் ஐயா விளக்கிய அதே தகரக் கீறல்தான்.

மஸ் கோப்புகளைப் பற்றி: அவற்றில் ஒலியே இல்லை. எந்தச் சுரத்தை எப்போது அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் அவை அவ்வளவு சிறியவை. ஒரு கீர்த்தனையின் சுரத்தாளை ஒலிநாடாவாக மாற்றித் தாருங்கள் என்று எவரும் கேட்பதில்லை அல்லவா? யாராவது வாசிக்க வேண்டும். எப்படி வாசிப்பது என்பதை வேண்டுமானால் பிறகு எழுதுகிறேன்.


அலஸ்தோட்டத்தான்

ஐயாவுக்கும் நானாவுக்கும் மிக்க நன்றி. பதினான்கில் பதினொன்று சுத்தமாக வாசிக்கப்பட்டன. ஒன்றில் பூஞ்சணம் இருந்ததால் தொடவில்லை. மற்ற இரண்டிலும் சில பிரிவுகள் போய்விட்டன. எஃப்எஃப்எம்பெக் மூலம் வொக் கோப்புகள் அனைத்தும் வேவ் ஆகிவிட்டன. ஒன்றிலும் டக் ஒலி இல்லை. ஸ்லேட்டில் வாட் கோப்பும் திறந்தது, எங்கள் நால்வரின் குரல்களும் வந்தன.

இப்போது மூன்று சந்தேகங்கள். முதலாவது, எல்லாக் குரல்களும் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் மங்கலாக ஒலிக்கின்றன. பழைய டொஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டொஸ்பொக்ஸில் அதே வாட் கோப்பைப் போட்டு விளையாடினால் கூர்மையாக ஒலிக்கிறது. மாற்றும்போது எதையாவது இழந்துவிட்டேனா? இரண்டாவது, பின்னணியில் மின்விசிறியின் இரைச்சல் அதிகமாக இருப்பதால் ஓடாசிட்டியின் இரைச்சல் நீக்கியால் துப்புரவாக்கலாமா? மூன்றாவது, அந்த மஸ் கோப்புகள்.

இறுவட்டில் ரெட் அலேர்ட் விளையாட்டு இருக்கிறது. அதன் ஒலிகளும் சுலபமாகக் கிடைக்குமானால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.


நிலாவெளி ஒலித்தொகுப்பாளர்

அண்ணா, நீங்கள் எதையும் இழக்கவில்லை. 11,025 வீதத்தில் பதிந்த ஒலிக்குள் அதன் அரைவாசியான 5,512 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. 8,000 இல் பதிந்ததற்கு 4,000 தான் எல்லை. ச, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மையில் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. அப்படியானால் விளையாட்டில் மட்டும் ஏன் கூர்மையாக ஒலிக்கிறது என்று கேட்பீர்கள். அக்கால விளையாட்டுகள் பலவும் ஒலியின் வீதத்தை உயர்த்த வேண்டி வந்தால் இரண்டு மாதிரிகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணிக்காமல், அருகில் இருந்த மதிப்பையே திரும்பத் திரும்ப இட்டன. அதனால் அலை படிக்கட்டுப்போல் ஆகி, மூல ஒலியில் இல்லாத கீச்சு ஒன்று மேலே சேர்ந்துவிடும். உங்கள் காது நினைவில் வைத்திருப்பது அந்தக் கீச்சையும் சேர்த்துத்தான். இன்றைய மென்பொருள்கள் வீதத்தை உயர்த்தும்போது அதைப் பிழை என்று கருதி வடித்துவிடுகின்றன. கணக்குப்படி அவை செய்வது சரி. ஆனால் பழைய விளையாட்டின் சுவை போய்விடுகிறது.

ஆகையால் இரண்டு பிரதிகள் வையுங்கள். ஒன்று மூல வீதத்திலேயே, எதுவும் செய்யாமல். மற்றையது கொண்டாட்டத்தில் போட்டுக் காட்டுவதற்கு. 11,025 ஐ நான்கால் பெருக்கினால் சரியாக 44,100. எனவே நானா சொன்ன பைதான் நிரலில் ஒவ்வொரு பைட்டையும் நான்கு முறை எழுதிவிட்டு வீதத்தை 44,100 என்று குறித்தால், அந்தப் படிக்கட்டு அப்படியே கிடைக்கும். 8,000 இல் உள்ளவற்றை ஆறு முறை எழுதி 48,000 ஆக்குங்கள். 10,989 எதனோடும் பொருந்தாத வீதம். அதை 11,025 என்றே பெயரிட்டுவிட்டால் சுருதி நூற்றுக்கு 0.33 பங்குதான் உயரும். அது எந்தக் காதுக்கும் தெரியாது. இருந்தாலும் மூலப்பிரதியில் 10,989 என்றே இருக்கட்டும்.

மின்விசிறி விடயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. அந்த இரைச்சல் நீக்கியைத் தொடாதீர்கள். 8 பிட் ஒலியில் மிக உரத்த ஓசைக்கும் மிக மெல்லிய ஓசைக்கும் இடையில் ஏறத்தாழ 48 டெசிபல்தான் இடமிருக்கிறது. தூரத்தில் கேட்கும் எதுவும் அந்த மின்விசிறியின் இரைச்சலோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒன்றை இழுத்தால் மற்றதும் வந்துவிடும். நீக்குவதற்கு முன்னர் காதில் அணியும் ஹெட்போனோடு ஒரு தடவை முழுவதையும் கேளுங்கள்.

வடிவம் பற்றி. சேமித்து வைப்பதற்கு வேவ் அல்லது ஃபிளாக். வேவ் 1991 இல் மைக்ரோசொஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது. இன்றும் அதைத் திறக்காத கருவியைக் காண்பது அரிது. ஃபிளாக் இழப்பில்லாமல் சுருக்கும், 8 பிட்டையும் ஏற்கும், 10,989 போன்ற விசித்திர வீதத்தையும் முகஞ்சுளிக்காமல் ஏற்கும். எம்பி3 அப்படியன்று, அதற்கு 8,000, 11,025, 22,050 என்று குறிப்பிட்ட சில வீதங்கள் மட்டுமே தெரியும். மேலும் அது தொடக்கத்தில் ஒரு துளி அமைதியைச் சேர்த்துவிடும். துப்பாக்கி ஒலியைப் போன்ற கால் செக்கன் ஒலிக்கு அந்தத் துளியும் தெரியும். சுற்றிச் சுற்றி ஒலிக்க வேண்டிய ஒலியானால் ஒவ்வொரு சுற்றிலும் இடறும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற கவலையும் இங்கே இல்லை: 11,025 இல் 8 பிட் ஒலி ஒரு நிமிடத்துக்கு 6,61,500 பைட்டுதான். ஒரு முழுப் பிளொப்பியிலேயே இரண்டே கால் நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. உங்கள் பதினான்கும் சேர்ந்து, இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஏழெட்டுப் புகைப்படங்களுக்கு ஈடாகாது.


கிண்ணியா நானா

மஸ் கோப்புகளுக்கு வருகிறேன். அது, சுரக் குறிப்புகளை எழுதும் பொதுவான வடிவமாகிய மிடியின் சுருக்கப்பட்ட உறவினர். டூமில் செக்கனுக்கு 140 துடிப்பு என்ற கணக்கில் ஓடும். மிடியாக மாற்றும் சிறிய கருவிகள் பல உண்டு, ஸ்லேட்டும் அதைச் செய்யும். மாற்றிய பின் தாள வாத்தியங்களைக் கவனித்துப் பாருங்கள். மஸ் வடிவத்தில் தாளம் பதினாறாவது தடத்தில் இருக்கிறது, மிடியில் பத்தாவது தடத்தில் இருக்க வேண்டும். அரைகுறைக் கருவி அதை இடம் மாற்றாமல் விட்டால், பறை அடிக்க வேண்டிய இடத்தில் பியானோ கட்டைகளைக் குரங்கு மிதித்ததுபோல் ஒலிக்கும்.

ஆனால் மிடியாக மாற்றிவிட்டாலும் அது இன்னும் சுரத்தாள்தான். ஒரே கோப்பு ரோலண்ட் கருவியில் ஒரு விதமாகவும், சவுண்ட் பிளாஸ்டரில் இருந்த யமஹா சில்லில் வேறு விதமாகவும் ஒலிக்கும். 1998 இல் உங்கள் வீட்டில் கேட்டது அந்தச் சில்லின் கரகரப்பாகத்தான் இருக்கும். அது வேண்டுமானால் டொஸ்பொக்ஸில் விளையாட்டைத் தொடங்கி, இசைக்குச் சவுண்ட் பிளாஸ்டரைத் தெரிவு செய்து, விளையாட்டுக்குள் ஒலிகளின் சத்தத்தைப் பூச்சியமாக்கி இசையை மட்டும் விட்டு, கன்ட்ரோல் விசையோடு எஃப்6 விசையை அழுத்துங்கள். அந்த நொடியிலிருந்து ஒலிப்பதெல்லாம் வேவ் கோப்பாகப் பதிவாகும். மறுபடி அழுத்தினால் நிற்கும். டேஞ்சரஸ் டேவ் போல வெறும் கணினி ஒலிபெருக்கியில் கீச்சிட்ட விளையாட்டுகளுக்கும் இதே வழிதான்.

ரெட் அலேர்ட்டின் ஒலிகள் மிக்ஸ் என்ற கட்டுகளுக்குள் ஆட் என்ற பின்னொட்டுடன் இருக்கின்றன. எக்ஸ்சிசி மிக்சர் என்ற கருவி அந்தக் கட்டை அவிழ்க்கும். ஆட் கோப்பை எஃப்எஃப்எம்பெக் வேவ் ஆக்கும். 16 பிட் மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கித் துண்டு துண்டாக எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் இருக்கும் அடையாள எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதிப் பார்த்தால், செவிடு என்ற பொருளுடைய 'டெஃப்' என்ற ஆங்கிலச் சொல்லாக வாசிக்கலாம். ஒலிக்கோப்புக்கு அப்படிக் குறி வைத்த நிரலாளரின் குசும்பை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல்கள் உங்களுடையவை. எங்கு வேண்டுமானாலும் பகிரலாம். டூமின் நிரல் 1997 இல் வெளியிடப்பட்டது என்றாலும் அதன் ஒலியும் இசையும் அந்த விடுதலைக்குள் அடங்கவில்லை. ரெட் அலேர்ட்டும் அப்படியே: 2008 இல் விளையாட்டை இலவசமாகத் தந்தார்கள், 2020 இல் நிரலை வெளியிட்டார்கள், ஆயினும் ஒலிகளின் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. வீட்டுக் கொண்டாட்டத்தில் போடுவது ஒரு விடயம், யூடியூப்பில் ஏற்றுவது வேறு விடயம்.


அலஸ்தோட்டத்தான்

நிலாவெளித் தங்கைக்கு விசேடமாக நன்றி சொல்ல வேண்டும். அவர் சொன்னபடி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேற்றிரவு எல்லாவற்றையும் கேட்டேன். ஏழாவது வொக் கோப்பில் சின்னண்ணா கத்தி முடித்த பிறகு யாரும் பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறோம். அந்த மின்விசிறியின் கடகடப்புக்குப் பின்னால், வீதியில் ஐஸ்பழக்காரரின் மணியும், குசினியிலிருந்து "கத்தாதேங்கோ, பக்கத்து வீட்டாக்கள் என்ன நினைப்பினம்" என்று பெரியம்மா சொல்வதும் கேட்கின்றன. அவசரப்பட்டு முன்னரே இரைச்சலை நீக்கிப் பார்த்த பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் மின்விசிறியும் இல்லை, மணியும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. அதை அழித்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை எஞ்சியிருக்கிறது. பழுதான பிரிவு ஒன்று அதே ஏழாவது கோப்பின் தொடக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது. "ஐயோ அம்மா, மு" என்றதும் நெஞ்சில் இடித்ததுபோல் ஓர் அடி, பிறகு "கு போச்சு" என்று தொடர்கிறது. அந்த அடியையாவது எடுக்க வழியுண்டா?


உவர்மலைக்காரன்

உண்டு, தம்பி. டிடிரெஸ்கியூ வாசிக்க முடியாத பிரிவுகளைப் பூச்சியங்களால் நிரப்பியிருக்கும். நான் முதலில் எழுதியதை நினைவில் கொள்ளுங்கள்: இந்த ஒலியில் பூச்சியம் என்பது அமைதியன்று, அலையின் அடிமட்டம். ஒலிபெருக்கியின் கூம்பு சட்டென்று உள்ளே இழுபட்டு, அங்கேயே நின்று, மறுபடி வெளியே துள்ளுகிறது. படிமத்தின் ஒரு பிரதியை எடுத்து, பதினாறடிமானத் தொகுப்பியில் அந்த வொக் கோப்பின் ஒலிப் பகுதிக்குள் மட்டும் தொடர்ந்து 512 பூச்சியங்கள் வரும் இடத்தைத் தேடி, அவை எல்லாவற்றையும் 128 ஆக மாற்றுங்கள். மாற்றிய பின் அந்த வொக் கோப்பை மட்டும் மறுபடி வேவ் ஆக்கினால் போதும். 8,000 வீதத்தில் 512 பைட்டு என்பது 64 மில்லிசெக்கன். ஒரு குறில் எழுத்தின் நேரம் கூட இல்லை.


அலஸ்தோட்டத்தான்

செய்தேன், ஐயா. அடி போய்விட்டது, ஒரு சிறு விக்கல் மாத்திரம் இருக்கிறது. சின்னண்ணாவுக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். அந்த ஒரு எழுத்தைத் தான் இப்போது கத்தி அனுப்புவதாகவும், அதை நடுவில் ஒட்டிவிடும்படியும் சொன்னார். ஐம்பது வயதுக் குரலை எடுத்து இருபத்திரண்டு வயதுக் குரலின் நடுவில் ஒட்டுவதற்கு எனக்கு மனமில்லை. 128 ஐயே விட்டுவிட்டேன்.